ஜெனரலை நான் பதவியிறக்கிய விதம்

ஒரு மேஜர் ஜெனரலைச் சாதாரணப் போக்குவரத்து ஊழியராக்குவதற்கு வழக்கமாக ஓர் ஆட்சிக் கவிழ்ப்பாவது தேவைப்படும். நான் அதை மல்கிரேவ் என்ற புறநகரில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இரண்டாவது தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்து முடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. செய்துவிட்டு, அன்றைக்கு ஒரு நல்ல காரியம் பார்த்த திருப்தியோடு மத்தியானம் நித்திரையும் கொண்டேன். வெட்கப்பட வேண்டிய இடம் இந்த நித்திரைதான்.

பிழைப்புக்கு நான் மருத்துவக் கருவிகளின் கையேடுகளை எழுதுகிறேன். ‘கருவியைத் தண்ணீரில் போடாதீர்கள்’ என்று எழுதுவேன். வாங்கியவர் தண்ணீரில் போட்டபிறகு அதைத் தேடி வாசிப்பார். சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்குக் குடிவரவுப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பேன். ஆலோசனை சொல்ல எனக்கு உரிமம் கிடையாது. அவர்கள் சொல்வதை எழுதலாம், அவ்வளவுதான். வெறுமனே எழுதுவதிலேயே எவ்வளவு சேதம் விளைவிக்கலாம் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்திருக்கவில்லை.

அந்தப் படிவங்களில் ஒரு கேள்வி உண்டு. எந்த நாட்டினதாவது இராணுவத்தில், துணைப்படையில், ஆயுதக் குழுவில், சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ, விரும்பியோ விரும்பாமலோ எப்போதாவது பணியாற்றியிருக்கிறீர்களா என்று மூச்சுவிடாமல் போகும். ஆரம்பத்தில் அதை முழுதாக மொழிபெயர்த்துத்தான் கேட்டேன். ஓர் அன்ரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இது கேள்வியோ, தேவாரமோ?” என்றார். அன்றிலிருந்து சுருக்கிவிட்டேன். “சண்டை பிடிச்சனீங்களோ?”

இதற்கு நல்ல பதில்கள் கிடைத்தன. “வேலிச் சண்டை மட்டும்தான்” என்றார் ஒருவர். இன்னொரு பெண் பக்கத்தில் இருந்த கணவரைக் கண்ணால் காட்டி, “இவரோட பிடிச்சதையும் போட வேணுமோ?” என்றார். சைக்கிள் திருத்தியவர்கள், தோட்டத்தில் வெங்காயம் போட்டவர்கள், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர்கள். இராணுவம் என்ற சொல்லைக் கேட்டாலே கதிரை நுனிக்கு வந்துவிடுபவர்கள். எல்லோருக்கும் ‘இல்லை’ என்ற பெட்டியில் சரி போட்டேன், அது உண்மையாகவும் இருந்தது. காலப்போக்கில் என் கண் அந்த ஆங்கில வசனத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. அந்த இடம் வந்ததும் வாய் தானாகத் திறக்கும், கை தானாக ‘இல்லை’யை நோக்கி நகரும்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெனரல் வந்தார்.

என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துப் பகுதியில் வேலை செய்கிறாள். அவளோடு வேலை செய்யும் எகிப்தியப் பெண் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அவளுடைய தாய் அலெக்ஸாந்திரியாவில் இறந்துபோனார். அதன்பிறகு ஒருநாள் வீடியோவில் தகப்பனை அழைத்தபோது, அவர் குசினித் தொட்டியடியில் நின்றுகொண்டு, டின்னுக்குள் கரண்டியை விட்டு அவரை விதை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம். ஒரே மகள். அவரைச் சுற்றுலா விசாவில் கூப்பிட்டு, இங்கேயே வைத்திருக்கப் பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடிவுசெய்தாள். சாப்பாட்டு இடைவேளையில் இதைக் கேட்ட என் மனைவி, “என்ர மனுசன் நிரப்பித் தருவார்” என்று, புல் வெட்டும் மெஷினை இரவல் கொடுப்பதுபோல என்னைக் கொடுத்துவிட்டாள்.

அப்பா ஆர்மியில் இருந்தவர் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒரு கிளார்க்கை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தேன். வாசலை நிறைத்துக்கொண்டு ஒரு மீசை நின்றது. அதன் கீழே முகம் பார்க்கக்கூடிய சப்பாத்துகள்.

“மேஜர் ஜெனரல். ஓய்வு,” என்று கையை நீட்டினார்.

அவர் கையை நோக்கிப் போயிருக்க வேண்டிய என் கை, என் சட்டைப் பைக்குப் போனது. யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த கை அது. சீருடைக் குரல் ஒன்று கேட்டால் அடையாள அட்டையை எடுக்கும். அந்தப் பையில் அடையாள அட்டை இருந்து கால் நூற்றாண்டாகிறது. அன்றைக்கு இருந்தது மீன்கடை பில் துண்டு. அதை எடுத்து அவரிடம் நீட்டியும் விட்டேன். அவர் வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். மேலிருந்து கீழ்வரை வாசித்துத் திருப்பித் தந்தார்.

“ஸ்னாப்பர்,” என்றார் தலையசைத்து. “நல்ல மீன்.”

நான் அவரை உள்ளே வரவிட்டேன். அல்லது அவர் என்னை உள்ளே வரவிட்டார்.

அவருடைய ஆங்கிலத்தில் கட்டளைகளும் பெயர்ச்சொற்களும் மட்டுமே இருந்தன. தமிழில் சொன்னால் எனக்கு அது ‘நீ’ என்றுதான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் மரியாதையாக ‘உஸ்தாஸ்’ என்று ஒன்று சேர்த்துக்கொள்வார். அவர்கள் ஊரில் வாத்தியாருக்கும், கோட்டுப் போட்டவருக்கும், வழி விடாமல் நிற்பவருக்கும் அதே சொல்தானாம். “உஸ்தாஸ், உட்கார். உஸ்தாஸ், எழுது.” கூட வந்த மகள் அவருக்குப் பக்கத்தில் இருந்து, தேத்தண்ணிக்கு நாலாவது கரண்டி சீனி போகாமல் பார்த்துக்கொண்டாள்.

“என்ன வேலை?” என்று கேட்டேன்.

“சப்ளை அண்ட் ட்ரான்ஸ்போர்ட்.”

எங்கள் ஊரில் ட்ரான்ஸ்போர்ட் என்றால் சிவப்பு பஸ். ‘அரச போக்குவரத்து’ என்று எழுதினேன். ஜெனரல் என்ற சொல்லை ஏன் எழுதவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், பெட்டி சிறியது. இந்தச் சொல்லை அப்படி ஒரு படிவத்தில் எழுத என் கைக்குத் தைரியமும் இல்லை. ஒருவரைக் காகிதத்தில் எவ்வளவு சாதுவாக்க முடியுமோ அவ்வளவு சாதுவாக்குவதைத்தான் என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வாய் தானாகத் திறந்தது. தமிழில் நான் சுருக்கி வைத்திருந்ததை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றி, எகிப்திய இராணுவத்தின் மேஜர் ஜெனரலிடம் கேட்டேன்: “நீங்கள் சண்டை பிடித்தீர்களா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். யன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியை நெடுநேரம் பார்த்தார்.

“இல்லை,” என்றார். “ஒருபோதும் இல்லை. ஒருநாள்கூட இல்லை.”

அவர் குரலில் இருந்தது வருத்தம். நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சரி போட்டேன்.

மகளுடைய கைத்தொலைபேசி அடித்து அவள் எழுந்துபோன நேரத்தில், அவர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்திட்டார். பெரிய, நிமிர்ந்த கையெழுத்து. மீன்கடைத் துண்டை முழுதாக வாசித்த மனிதர் இதில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் பிறர் எழுதியதற்கு வாசிக்காமல் கையெழுத்திட்டவர் அவர். இருபது வருடம் பிறர் வாசிக்காததை எழுதியவன் நான். இப்படி இரண்டு பேர் ஒரே மேசையில் இருக்கவே கூடாது.

சில மாதம் கழித்து ஒரு மாலை, மகள் வேலை உடுப்போடு வாசலில் நின்றாள். கையில் கடிதம். சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தபோது ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் என்று சொன்ன ஒருவர், இப்போது அரச போக்குவரத்தில் இருந்ததாகவும், எந்தப் படையிலும் பணியாற்றியதே இல்லை என்றும் சொல்கிறாரே, எது உண்மை என்று கேட்டிருந்தார்கள். நாலு வாரத்துக்குள் விளக்கம் வேண்டும். பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அதன்பிறகு சில வருடங்களுக்கு வேறு விசாவும் கிடைக்காமல் போகலாம்.

“உங்களில் எனக்குக் கோபம் இல்லை,” என்றாள், மிகுந்த கோபத்தோடு. “ஆனால் அவரைத் திரும்ப அந்த வீட்டுக்கு என்னால் அனுப்ப முடியாது. அங்கே அவர் கதிரையில் இருந்து சாப்பிடமாட்டார்.”

அவள் போனதும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

“இஞ்சருங்கோ. அந்த மனுசனிட்ட என்ன கேட்டனீங்கள்?”

“சண்டை பிடிச்சனீங்களோ எண்டு.”

“ஒரு ஜெனரலிட்டயோ?”

“ஓம்.”

“ஜெனரல் எண்டு தெரிஞ்சுகொண்டோ?”

“ஓம் எண்டுறன்.”

“அவர் இல்லையெண்ட உடன நம்பியிட்டியள்.”

“அவர்தானே சொன்னவர். அவரை விட எனக்குத் தெரியுமோ?”

“கோதாரி,” என்றாள். எங்கள் ஊரில் அது கொள்ளைநோயின் பெயர். சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மகள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் சொன்னது எளிமையானது: உண்மையை முழுதாக எழுதுங்கள். ஜெனரலின் சேவை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வேண்டும். படிவத்தை நிரப்பியவர் இந்தப் பிழை எப்படி நடந்தது என்று தனியே ஒரு சத்தியக் கூற்றுத் தர வேண்டும். அந்த நிரப்பியவரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றும் சொன்னாராம்.

ஜெனரலுக்கு நிலைமை விளங்கப்படுத்தப்பட்டது. நிராகரிப்பு, தடை எல்லாவற்றையும் அவர் அசையாமல் கேட்டார். ‘போக்குவரத்து’ என்ற இடத்தில்தான் மீசை துடித்தது.

“டிரைவர்?” என்றார் என்னைப் பார்த்து. “உஸ்தாஸ். என் டிரைவருக்கே ஒரு டிரைவர் இருந்தான்.”

அப்படியாக, அடுத்த சனிக்கிழமைகளில் ஓர் எகிப்தியத் தளபதியின் சேவை வரலாற்றை நான் எழுதினேன். அவர் என் வீட்டு மேசைத் தலைமாட்டில் இருந்து சொல்லச் சொல்ல.

பயிற்சிக் கல்லூரியிலிருந்து அவர் அதிகாரியாக வெளியே வந்தபோது அவர்கள் நாட்டின் பெரிய போர் முடிந்திருந்தது. ஒரு சில மாதம் முந்தியிருந்தால், என்றார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவரைப்போல. அவருக்கு மூத்தவர்கள் எல்லோரும் பதக்கம் குத்தியிருந்தார்கள். இவர் அவர்களுக்குச் சப்பாத்துக் கொடுத்தார். கப்டனாக இருந்தபோது பெட்டியைத் திறந்து பாராமல் சப்பாத்துகளுக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றாராம். திறந்தபோது எல்லாமே இடக்கால். “அதிலிருந்து பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்,” என்றார். “கடதாசியைத்தான் பார்ப்பதில்லை.” மேஜராகிப் பாலைவனத்தில் பாண் சுடும் போறணைகளை நடத்தினார். கேணலாகி, மாவு எப்படி நகர்கிறது என்று இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தார். ஒருமுறை வேறொரு நாட்டின் போருக்கு அவர்கள் படை போனது. அவரும் பெட்டி கட்டினார். போனது அவருடைய அவரை விதை டின்கள். அவர் துறைமுகத்தில் நின்று கையசைத்தார். கடைசியில் ஒரு பிராந்தியம் முழுவதற்குமான வழங்கலுக்குத் தளபதி. அவர் சொல்லாமல் அங்கே ஒரு சிப்பாயும் காலைச் சாப்பாடு சாப்பிட முடியாது. ஓய்வுபெற்ற அன்று ஒரு வாளும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்களாம். கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்றார். வாளை உறையிலிருந்து எடுக்கத்தான் முடியவில்லையாம்.

படிவத்தில் ‘கடமைகள்’ என்ற பெட்டி ஒரு வரி நீளம். பாலைவனத்துக் காற்றில் மா புளிப்பதைப் பற்றி மட்டும் அவர் ஒரு முழு மத்தியானம் பேசினார். நான் ‘பாண்’ என்று எழுதினேன்.

“இவ்வளவுதானா?”

“இடம் இல்லை, சேர்.”

“தாள் ஒட்டு.”

தாள் ஒட்டினேன். பதினொரு தாள்கள் ஒட்டினேன். ஒருகாலத்தில் இராணுவ வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போன நான், ஓர் இராணுவத்தின் பாணைப் பற்றி, வழங்கலைப் பற்றி, அதன் நேரந்தவறாமையைப் பற்றிப் பெருமையோடு எழுதிக்கொண்டிருந்தேன். சில இடங்களில் வசனம் நன்றாக வந்திருந்தது என்று மனைவியிடம் வாசித்தும் காட்டினேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

லெப்டினன்ட் காலத்துக்குத் திரும்பிப் போனபோது ஒரு வருடம் இடைவெளி இருந்தது. படிவத்தில் இடைவெளி விடக்கூடாது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“சோதனைச் சாவடி. கால்வாய்ப் பக்கத்துச் சாலை. பஸ்களை நிறுத்துவது.”

பேனா நின்றது. “ஆட்களை இறக்கினீர்களா?”

“ஆண்களை இறக்கினோம். வரிசையில். கடதாசி பார்த்தோம்.”

“எதைத் தேடினீர்கள்?”

அவர் யோசித்தார். மகள் அரபியில் ஏதோ சொல்லப் போனாள், கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியாது,” என்றார். “எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. பஸ்ஸுக்குள் நாற்பது பேர் இருப்பார்கள், வெளியே நாங்கள் நாலு பேர். நான் சத்தம் போட்டேன். பயத்தில்.”

எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றேன். அவர் எந்த பஸ் என்று கேட்கவில்லை. நான் எந்தச் சாலை என்று சொல்லவும் இல்லை. அந்த வயதில் எங்கள் வரிசைக்கு முன்னால் நின்று கத்திய அத்தனை இளம் அதிகாரிகளுக்கும் நான் கொடுத்து வைத்திருந்த பயத்தில் பாதியையாவது திருப்பிக் கேட்கலாம் போலிருந்தது. அதற்கும் ஒரு படிவம் இருக்கக்கூடும். ‘போக்குவரத்துக் கண்காணிப்பு’ என்று எழுதப் பார்த்தது கை. அதை அடக்கி, ‘சோதனைச் சாவடி’ என்று எழுதினேன்.

“உஸ்தாஸ், சீனி,” என்றார் ஜெனரல். மகள் அன்றைக்கு நாலாவது கரண்டியைத் தடுக்கவில்லை.

என்னுடைய சத்தியக் கூற்று அரைப் பக்கத்துக்குள் முடிந்தது. நான் இன்னார், இந்தக் கேள்வியை இருபது வருடமாக இப்படிச் சுருக்கிக் கேட்டு வருகிறேன், மேற்படி ஜெனரலிடமும் அப்படியே கேட்டேன், அவர் சண்டை பிடிக்கவில்லை என்றார், நான் நம்பினேன். அலங்காரமில்லாத உரைநடை. இதில் சாட்சிக் கையெழுத்து வைக்க இந்த நாட்டில் ஒரு மருந்தாளர் போதும். எனக்குத் தெரிந்த இரண்டு மருந்தாளர்களில் ஒருத்தி ஜெனரலின் மகள், மற்றவள் என்னோடு அளந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். ஆகவே கடைத்தொகுதியிலிருந்த மருந்துக் கடைக்குப் போனேன். அங்கிருந்த இளம்பெண் அதை வாசிக்கத் தேவையில்லை. வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

“இது உண்மை என்று வாயாலும் சொல்ல வேண்டும்,” என்றாள்.

தடுப்பூசிக்கு நின்ற வரிசைக்கு முன்னால், இது எல்லாம் உண்மை என்று சத்தமாகச் சொன்னேன். வரிசையில் மூன்றாவதாக நின்றவர் எங்கள் அன்ரி ஒருவர்.

“தம்பி, நீர்தானே விசா ஃபோர்ம் நிரப்புறனீர்?” என்றார்.

“ஓம், அன்ரி.”

“நான் அடுத்த கிழமை வாறன் எண்டிருந்தனான்.” கடதாசியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “நான் வேற ஆளைப் பாக்கிறன், என்ன? குறை நினையாதையும்.”

பொதியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அந்த வாரங்களில் ஜெனரல் ஒவ்வொரு காலையும் நடந்துவந்து எங்கள் தபால் பெட்டியையும் சேர்த்துப் பார்ப்பார், பதில் அவருடைய மகளின் மின்னஞ்சலுக்குத்தான் வரும் என்று சொல்லியும். மகள் வேலையில் இரண்டுதரம் மருந்துக்கு லேபல் மாற்றி ஒட்டிவிட்டு, நல்லகாலம், தானே கண்டுபிடித்தாள் என்று மனைவி சொன்னாள். அவர்கள் வீட்டில் அவருடைய பெட்டி பாதி கட்டியபடி திறந்து கிடந்ததாம். அவர்தான் கட்டினாராம், உத்தரவு வந்தால் தாமதிக்கக்கூடாது என்று. அதைக் கேட்டபிறகு எனக்கு மத்தியான நித்திரை வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மகளும் ஜெனரலும் சொல்லாமல் வந்து நின்றார்கள். மகள் அழுதிருந்தாள். என் மனைவி மாக் கையோடு குசினியிலிருந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்களாம். ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். விண்ணப்பம் உயிரோடு இருக்கிறது. முடிவு வர வருடக்கணக்காகும், அதுவரை அவர் இங்கேயே இருக்கலாம். ஜெனரல் ஒரு கதிரையை இழுத்து, முழுதாக அமர்ந்து, மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். மனைவி இடியப்பத் தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

“எந்தப் பகுதியைப் பார்த்து ஏற்றுக்கொண்டார்களாம்? சேவை வரலாறா? அந்தப் பதினொரு தாளா?”

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல செய்தி சொல்லும் உற்சாகத்தோடு சொன்னாள்: “இல்லை, உங்கள் சத்தியக் கூற்று. ஏமாற்ற நினைக்கிற ஒருவருக்கு இவ்வளவு மடத்தனமாக ஒன்றைச் செய்ய வரவே வராது என்று அந்த அதிகாரி சொன்னார்.”

ஜெனரல் இடியப்பத்திலிருந்து தலையை எடுக்காமலே ஆமோதித்தார். என் மனைவி அவருக்குச் சொதியை ஊற்றிக்கொண்டே, என்னைத் திரும்பியும் பாராமல் சொன்னாள்.

“என்னட்ட முதலே கேட்டிருந்தா, அதை நானே ஒரு வரியில எழுதிக் குடுத்திருப்பன்.”